கடல் முன்னால், மலை பின்னால்: லிமாவில் மழை மட்டும் ஏன் இல்லை?

கரிசல்காடு

நண்பர்களுக்கு வணக்கம். அண்ணன் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். உலக மழைப் பரவல் வரைபடத்தை விரித்து வைத்து ஒரு கேள்வி கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை, அதனால் இங்கே கொண்டுவந்துவிட்டேன்.

தென் அமெரிக்காவின் மேற்குக் கரையைப் பாருங்கள். மேலே கொலம்பியா கருநீலம். வருடத்துக்கு ஆறேழாயிரம் மி.மீ. பெய்யும் புவனவெந்தூரா துறைமுகம் அங்கேதான் இருக்கிறது. அப்படியே கீழே வந்தால் பெருவும் வட சிலியும் வெறும் மஞ்சள். பெருவின் தலைநகர் லிமாவில் வருடத்துக்கு 10 மி.மீ. வந்தாலே பெரிது. இன்னும் கீழே தென் சிலி போனால் மறுபடி நீலம்.

கடல் ஒன்றே, பசிபிக். மலையும் ஒன்றே, ஆண்டிஸ். கடல் காற்று மலையில் முட்டினால் மழை என்றுதான் மேற்குத் தொடர்ச்சி மலையை வைத்து நாம் படித்தோம். லிமாவில் கடலும் இருக்கிறது, பின்னாலேயே ஐயாயிரம் மீட்டருக்கு மலையும் இருக்கிறது. பிறகு எங்கே இடிக்கிறது?

விடாக்கண்டன்

அந்தக் கரையோரம் ஓடும் ஹம்போல்ட் குளிர் நீரோட்டம்தான் காரணம். குளிர்ந்த கடலில் நீர் ஆவியாகாது, ஆவியாகாவிட்டால் மழை இல்லை. பத்தாம் வகுப்பில் இரண்டு மார்க் கேள்வி இது. இழையைப் பூட்டிவிடலாம்.

பூகோளம் டீச்சர்

பூட்ட வேண்டாம். அந்த இரண்டு மார்க் பதிலைத் திருத்தித் திருத்தியே எனக்குப் பாதி சர்வீஸ் போய்விட்டது.

ஆவியாகவில்லை என்றால் லிமாவின் காற்று வறண்டிருக்க வேண்டும். நிலைமை நேர் எதிர். ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே ஈரப்பதம் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்குவதே அபூர்வம். வானம் முழுக்க மேகம். காற்றில் தண்ணீர் இருக்கிறது, கீழே விழத்தான் மாட்டேன் என்கிறது.

மழை பெய்யக் காற்றில் ஈரம் இருந்தால் மட்டும் போதாது. அந்தக் காற்று மேலே ஏற வேண்டும். ஏறினால் குளிரும், குளிர்ந்தால் ஆவி துளியாகும், துளி பெருத்தால் மழை. சூடான தரை காற்றை ஏற்றலாம், மலை ஏற்றலாம், புயல் ஏற்றலாம், எதிரெதிர்க் காற்றுகள் மோதியும் ஏற்றலாம். ஏற்ற ஆள் இல்லை என்றால் மழை இல்லை.

லிமாவில் நடப்பது இதற்குத் தலைகீழ். நிலநடுக்கோட்டுக்கு அருகே மேலேறிய காற்று தன் மழையை அங்கேயே கொட்டிவிட்டு, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் இரண்டு பக்கமும் நகர்ந்து, 20 முதல் 30 பாகை வரையில் கீழே இறங்குகிறது; கிழக்குப் பசிபிக்கில் அந்த இறக்கம் லிமா வரை எட்டும். இப்படி ஒரு சுற்று இருக்க வேண்டும் என்று 1735-இலேயே ஹாட்லி எழுதிவிட்டார். இறங்கும் காற்று அழுந்தும், அழுந்தினால் சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பு சுடுமே, அதேதான். கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி ஏறும். ஆக, சூடான வறண்ட காற்று மேலே ஒரு மூடியாக உட்கார்ந்துகொள்கிறது. கீழே கடலை ஒட்டிக் குளிர்ந்த ஈரக் காற்று. குளிர்ந்த காற்று கனமானது, அந்த மூடியைத் தாண்டி ஏறாது. பாடப்புத்தகத்தில் வெப்பத் தலைகீழ் மாற்றம் என்று இருக்கும். மூடிக்குக் கீழே சில நூறு மீட்டர் தடிமனுக்கு மேகம் பரவி நிற்கும். அதிலிருந்து பூந்தூறல் விழும், மழை விழாது.

மலை இருக்கிறதே என்ற கேள்விக்கும் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது. மலை ஐயாயிரம் மீட்டர் இருந்தாலும் ஈரக் காற்றுக்கு ஆயிரம் மீட்டருக்குள்ளேயே தலை இடிக்கிறது. அதோடு அங்கே காற்று பெரும்பாலும் தெற்கிலிருந்து கரைக்கு இணையாகத்தான் வீசும். அரபிக்கடல் காற்றைப் போல மலையை நேராக முட்டாது.

கப்பல் எஞ்சின்

கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்தக் கரையில் ஏறி இறங்கியிருக்கிறேன், பார்த்ததைச் சொல்கிறேன்.

எஞ்சினைக் குளிர்விக்க கடல் தண்ணீரை உள்ளே இழுப்போம். அதன் வெப்பநிலையை ஒவ்வொரு வாட்சிலும் (பணி முறையிலும்) பதிவேட்டில் எழுத வேண்டும். கொலம்பியா பக்கம் 27, 28 டிகிரி இருக்கும். ஈக்வடார் தாண்டி வட பெருவில் தலை வைத்ததும் முள் இறங்க ஆரம்பிக்கும். ஆகஸ்டில் கயாவோ துறைமுகம் (லிமாவின் துறைமுகம் அதுதான்) சேரும்போது 16, 17. போகப் போகப் பூமத்திய ரேகையிலிருந்து விலகுகிறோம் என்பது சரிதான், ஆனால் 12 பாகையில் 16 டிகிரித் தண்ணீர் என்பது ரொம்ப அதிகமான குளிர். எஞ்சினுக்குக் கொண்டாட்டம், டெக்கில் நிற்பவனுக்கு ஸ்வெட்டர்.

கயாவோவில் காலையில் டெக் நனைந்து கிடக்கும். ரெயிலிங்கில் கை வைத்தால் ஈரம். துணி காயாது. வாரக்கணக்கில் சூரியனைப் பார்க்க முடியாது. ஆனால் சரக்கு அறையின் மூடியைத் திறந்து போட்டுவிட்டு மீன் தூளை ஏற்றிக்கொண்டே இருப்பார்கள். மழை வருமா என்று யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. புவனவெந்தூராவில் சர்க்கரை ஏற்றுவது வேறு கதை. மூடியைத் திற, மழை வருது மூடு, விட்டுச்சு திற, மறுபடி மூடு. மழையால் வேலை நின்ற நேரத்தை நிமிடக் கணக்காக எழுதி வைக்க வேண்டும், வாடகைக் கணக்கில் அது கழியும். அந்தத் தாள் மட்டும் பக்கம் பக்கமாகப் போகும்.

டீச்சர் சொன்ன மூடியைக் கண்ணாலும் பார்க்கலாம். லிமாவிலிருந்து மலைப் பக்கம் சோசிகா என்று ஒரு ஊர், 900 மீட்டர் உயரம் இருக்கும். குளிர்காலத்தில் லிமாக்காரர்கள் வெயில் காய அங்கே போவார்கள். சாம்பல் மேகத்துக்குள்ளேயே ஏறிக்கொண்டிருக்கும் பஸ் ஒரு வளைவுக்கு மேல் பளிச்சென்று வெயிலில் வந்து நிற்கும்.

விடாக்கண்டன்

> கயாவோ துறைமுகம் சேரும்போது 16, 17

அண்ணே, நீங்களே என் கட்சிக்குச் சாட்சி சொல்லிவிட்டீர்கள். தண்ணீர் குளிர்ந்ததால்தானே காற்று குளிர்ந்து கனத்தது? டீச்சர் ஹாட்லி, மூடி என்று சுற்றி வளைத்துவிட்டு அதே இடத்துக்குத்தான் வந்திருக்கிறார்.

பூகோளம் டீச்சர்

அப்படியானால் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைக்குப் போவோம். அங்கே லீவின் நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே ஓடுகிறது, வெதுவெதுப்பான தண்ணீர். உங்கள் கணக்குப்படி அங்கே பாலைவனமே இருக்கக்கூடாது. ஆனால் பெர்த்துக்கு வடக்கே கார்னார்வன் பக்கம் வருடத்துக்கு 200 மி.மீ. சொச்சம்தான். உள்ளே போனால் பாலைவனம். காரணம், இறங்கும் காற்று அங்கேயும் உண்டு.

அதே சமயம் அது வட சிலியின் அட்டகாமா பாலைவனம் அளவுக்குக் காயவும் இல்லை. ஆகவே வறட்சியைத் தருவது இறங்கும் காற்று. அதை முற்றவைத்து அட்டகாமாவாக்குவது குளிர்ந்த கடல். இரண்டுக்கும் வேலை இருக்கிறது, ஆனால் சம வேலை இல்லை.

இன்னொன்று. அந்தக் குளிர் எங்கிருந்து வருகிறது? அண்டார்டிகாவிலிருந்து ஐஸ் தண்ணீர் மிதந்து வருகிறது என்று மாணவர்கள் எழுதுவார்கள். கொஞ்சம் தெற்கிலிருந்து வருவது உண்மைதான், ஆனால் பெரும்பகுதி கீழேயிருந்து வருகிறது. கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே வீசும் காற்று, பூமி சுழல்வதால், மேல்மட்ட நீரைத் தனக்கு இடப்பக்கம், அதாவது நடுக்கடலை நோக்கித் தள்ளுகிறது. அந்த இடத்தை நிரப்ப ஆழத்துக் குளிர்ந்த நீர் மேலே வருகிறது. அந்தத் தெற்குக் காற்றை அனுப்புவது யார்? அதே இறங்கும் காற்று உண்டாக்கிய பசிபிக் உயரழுத்தம்தான். அது குளிர்ந்த நீரை இழுத்துவர, குளிர்ந்த நீர் தாழ்ந்த மேகத்தைத் தர, மேகம் வெயிலை மறைத்துத் தண்ணீரை மேலும் குளிர வைக்கிறது. ஒன்றை ஒன்று தாங்கி நிற்கின்றன.

மகர ரேகையில் விரலை வைத்துக் கிழக்கே போங்கள். இந்தப் பக்கம் சிலியின் அந்தோஃபகாஸ்தா, வருடத்துக்கு ஒற்றை இலக்க மி.மீ. அந்தப் பக்கம் பிரேசிலின் சாண்டோஸ், 2,000 மி.மீ.க்கு மேல். ஏறக்குறைய ஒரே அட்சரேகை. உயரழுத்தத்தின் கிழக்கு ஓரத்தில் காற்று பலமாக இறங்கும், கீழே குளிர்ந்த கடல், அது அந்தோஃபகாஸ்தா. அட்லாண்டிக் உயரழுத்தத்தின் மேற்கு ஓரத்தில் வெப்பமண்டலத்து ஈரக் காற்று சூடான கடல் மேலாக வந்து, சாண்டோஸுக்குப் பின்னால் நிற்கும் மலையில் ஏறுகிறது. மூடி அங்கே பலவீனம்.

தென்றல்

மரம் நட்டால் மழை வரும் என்பார்களே. லிமாவில் காடு வளர்த்தால்?

பூகோளம் டீச்சர்

லிமாவில் வராது. மரம் காற்றுக்கு ஈரம் கொடுக்கும், அங்கே ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. மூடியைத் திறக்க மரத்தால் முடியாது.

ஆனால் அதே பெருவின் மறுபக்கம் மரங்களின் ராஜ்ஜியம். அட்லாண்டிக்கிலிருந்து கிளம்பிய ஈரம் அமேசான் காட்டில் மழையாக விழுந்து, இலைகள் வழியாக மறுபடி ஆவியாகி, மறுபடி மழையாகி மேற்கே நகர்ந்து வருகிறது. அமேசானின் மழையில் ஏறக்குறைய பாதி இப்படிக் காடே திருப்பிக் கொடுப்பது என்று பிரேசில் விஞ்ஞானி எனேயாஸ் சலாட்டி 1970களில் நீரின் ஐசோடோப்புகளை வைத்துக் காட்டினார். அந்தக் காற்று ஆண்டிஸின் கிழக்குச் சரிவில் ஏறிக் கொட்டுகிறது. குவின்ஸெமில் என்ற ஊரில் 5,000 மி.மீ.க்கு மேல் பெய்யும். அங்கிருந்து லிமாப் பக்கம் ஈரம் வராமல் தடுப்பதும் ஆண்டிஸ்தான்.

மொட்டைமாடி

நான் மழைநீர் சேகரிப்பு வேலை செய்கிறவன், எனக்கு எல்லாம் லிட்டர்தான். நம் ஊர் பேப்பரில் செ.மீ. போடுகிறார்கள், இங்கே மி.மீ. ஓடுகிறது, குழம்ப வேண்டாம். 1 மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர்.

ஆயிரம் சதுர அடி மாடி, அதாவது சுமார் 93 சதுர மீட்டர், இருக்கிறது என்று வையுங்கள். சிலியின் அரிக்கா நகரத்தில் நீண்டகாலச் சராசரி 0.76 மி.மீ. வருடம் முழுக்க அந்த மாடியில் விழுவது 70 லிட்டர், ஐந்து குடம் தேறாது. கொலம்பியாவின் கிப்தோ நகரத்தில் 8,000 மி.மீ. அளவு பெய்யும். அதே மாடியில் 7,44,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் 62 லோடு. கிப்தோவில் வேலை கிடைத்தால் சொல்லுங்கள், பாஸ்போர்ட் ரெடி.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். உலகம் முழுவதும் எந்த நேரத்திலும் காற்றில் ஆவியாக நிற்கும் தண்ணீரைப் பிழிந்து பரப்பினால் சராசரி 25 மி.மீ.தான் வருமாம். வருட மழை கடலையும் சேர்த்துச் சராசரி 1,000 மி.மீ. அளவு. அப்படியென்றால் வானம் வருடத்தில் 40 முறை காலியாகி நிரம்புகிறது, ஒன்பது நாளைக்கு ஒரு தடவை. அதிலும் நான்கில் மூன்று பங்குக்கு மேல் கடலிலேயே விழுந்துவிடுகிறது. யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

அந்தக் கரையில் மழையை நம்பாமல் மேகத்தையே பிடித்திருக்கிறார்கள். சிலியில் சுங்குங்கோ என்ற மீனவக் கிராமம். மேலே மலையில் பெரிய வலைகளைக் கட்டி, மூடுபனி வலையில் பட்டுச் சொட்டுவதைக் குழாயில் ஊருக்கு இறக்கினார்கள். 1990களில் நாளுக்குச் சராசரி 15,000 லிட்டர் கிடைத்தது. அப்புறம் பராமரிப்பு இல்லாமல் விட்டுவிட்டார்கள். இதுவும் நமக்குத் தெரிந்த கதைதான்.

கரிசல்காடு

டீச்சர், லிமா புரிந்தது. அதே கரையில் கொலம்பியாவில் மட்டும் ஏன் அப்படிக் கொட்டுகிறது? அதையும் சொல்லிவிடுங்கள்.

பூகோளம் டீச்சர்

இரு அரைக்கோளத்து வியாபாரக் காற்றுகளும் வந்து மோதி மேலேறும் பட்டை பூமியைச் சுற்றி இருக்கிறது. வெயிலோடு வடக்கும் தெற்கும் நகரும். ஆனால் கிழக்குப் பசிபிக்கில் அது பெரும்பாலும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கேயே தங்கிவிடும், தெற்கே கடல் அவ்வளவு குளிர்ச்சி. அந்தப் பட்டை கொலம்பியாக் கரையின் தலைக்கு மேல் வருடம் முழுக்க வந்து போகிறது.

அதுபோக, தெற்கிலிருந்து வரும் காற்று நிலநடுக்கோட்டைத் தாண்டியதும் வலப்பக்கம் வளைந்து, மேற்குக் காற்றாகி, சூடான கடலில் ஈரத்தை அள்ளிக்கொண்டு ஆண்டிஸை நேராக முட்டுகிறது. மலை கரையை ஒட்டியே நிற்கிறது. ஏற்றும் சக்திகள் எல்லாம் ஒரே இடத்தில் கூடிவிட்டன. லோபெஸ் டி மிக்காய் என்ற ஊரில் 12,000 மி.மீ.க்கு மேல். மேகாலயாவின் மௌசின்ராமுக்கு அதுதான் போட்டி. ஒரு வித்தியாசம்: மௌசின்ராம் ஜூன் முதல் செப்டம்பருக்குள் பெரும்பகுதியைக் கொட்டி முடித்துவிடும். பக்கத்துச் சிரபுஞ்சியில் மழையில்லாத குளிர்கால மாதங்களில் குடிநீருக்கு அல்லாடுவார்கள். கொலம்பியாக் கரையில் ஓய்வு மாதம் என்று ஒன்று கிடையாது.

தென் சிலி நீலமாக இருப்பது வேறு காரணம். 40 பாகைக்குக் கீழே மேற்குக் காற்றும் புயல்களும் வரிசையாக வந்து மலையில் ஏறும். வால்டிவியாவில் 2,000 மி.மீ. அளவு. மலையின் மறுபக்கம் அர்ஜென்டினாவின் படகோனியா மழை மறைவுப் பகுதி, பல இடங்களில் 200 மி.மீ.

கப்பல் எஞ்சின்

மழை இல்லாததை விற்றே பிழைத்த கரை அது என்பதையும் சொல்ல வேண்டும். பெருவுக்கு எதிரே சிஞ்சா தீவுகளில் கடல் பறவைகளின் எச்சம் மலைபோல் குவிந்து கிடந்தது. அடியிலிருந்து வரும் குளிர்ந்த நீர் சத்துள்ளது, அதனால் நெத்திலி இனம் கோடிக்கணக்கில் உண்டு. அதைத் தின்னும் பறவைகளும் கோடிக்கணக்கில். மழை பெய்திருந்தால் எச்சத்தின் தழைச்சத்து கரைந்து ஓடியிருக்கும். பெய்யாததால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய வயல்களுக்கு உரமாகக் கப்பல் கப்பலாகப் போனது. அட்டகாமாவின் வெடியுப்பும் அதே கதைதான், நீரில் கரையும் உப்பு கரையாமல் தங்கிப்போனது. அந்த உப்பு நிலங்களுக்காக 1879-இல் சிலி ஒருபுறமும் பெரு, பொலிவியா மறுபுறமுமாகப் போர் மூண்டது. பொலிவியா கடற்கரையையே இழந்தது.

நீரோட்டத்துக்கு ஜெர்மானிய ஆய்வாளர் ஹம்போல்ட்டின் பெயர் வந்தது அவர் 1802-இல் அங்கே தண்ணீரின் வெப்பத்தை அளந்ததால். இது மீனவப் பையன்களுக்கே முந்நூறு வருடமாகத் தெரிந்த விஷயம், என் பெயர் எதற்கு என்று அவரே மறுத்தாராம். கேட்பாரில்லை.

ஆனைக்கட்டி

இதுவரை எல்லாரும் சராசரியைப் பிடித்துக்கொண்டு பேசுகிறீர்கள். பாலைவனத்தில் சராசரி நம்மை ஏமாற்றிவிடும். அரிக்காவில் 1903 அக்டோபர் முதல் 1918 ஜனவரி வரை மழையே பதிவாகவில்லை. அந்தோஃபகாஸ்தாவில் 1991 ஜூனில் சில மணி நேரத்தில் 40 மி.மீ. சொச்சம் பெய்தது. சென்னையில் அது ஒரு மாலை மழை. அங்கே மலைச்சரிவே சேறாக இறங்கிச் சுமார் 90 பேர் இறந்தார்கள். மண்ணைப் பிடிக்கச் செடி இல்லை, வடிகால் இல்லை.

வட பெருவில் பியூரா நகரம். சாதாரண வருடத்தில் 50, 60 மி.மீ. எல் நினோ (அந்தக் கடல் வழக்கத்தைவிடச் சூடாவது) வந்த 1983-இலும் 1998-இலும் அதே ஊரில் ஆயிரத்தைந்நூறைத் தாண்டியது. 1998-இல் பக்கத்துச் செச்சூரா பாலைவனத்தில் ஒரு பெரிய ஏரியே உருவாகி, சில மாதம் மீன் பிடித்தார்கள். இந்த ஊரின் சராசரியை வைத்து யார் பாலம் கட்டுவது?

நம் பக்கமும் இதோடு கணக்கு உண்டு. எல் நினோ வருடங்களில் தென்மேற்குப் பருவமழை குறையும், வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் கூடும் வாய்ப்பு அதிகம். 2015-ஐ நினைத்துப் பாருங்கள், நாட்டில் பருவமழைப் பற்றாக்குறை, டிசம்பர் முதல் தேதியை ஒட்டித் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. எல்லா எல் நினோவிலும் இப்படி ஆகும் என்று எழுதிக் கொடுக்க முடியாது.

விடாக்கண்டன்

பிடித்தேன்! எல் நினோவில் என்ன நடக்கிறது? தண்ணீர் சூடாகிறது. சூடானதும் பியூராவில் மழை. உங்கள் ஹாட்லி அப்படியே இருக்கும்போது தண்ணீர் ஒன்றை மாற்றியதும் மழை வந்துவிட்டதே. இப்போது சொல்லுங்கள் டீச்சர், நீரோட்டமா இல்லையா?

பூகோளம் டீச்சர்

இந்த இழையிலேயே நல்ல கேள்வி இதுதான். பியூரா 5 பாகையில் இருக்கிறது. காற்றுகள் மோதும் பட்டைக்கு வாசற்படி. அந்தப் பட்டையைத் தெற்கே வரவிடாமல் வைத்திருப்பதே குளிர்ந்த கடல். கடல் சூடானால் பட்டை கீழே இறங்கிவிடும், பியூராவில் காற்று ஏறும். ஆக, பியூரா விஷயத்தில் உங்களுக்கு முக்கால் மார்க்.

லிமா 12 பாகை. அங்கே 1998-இலும் 2017-இலும் கடல் சூடாகத்தான் இருந்தது. நகரத்தில் வெள்ளமாகப் பெய்ததா? இல்லை. லேசான மழைதான். கொட்டியது பின்னால் மலைச்சரிவில். 2017 மார்ச்சில் ரிமாக் ஆறு சேறும் கல்லுமாகப் பெருகி, சுத்திகரிக்க முடியாமல் லிமாவில் பல நாள் குழாய்த் தண்ணீரையே நிறுத்தினார்கள். ஒரு கோடிப் பேர் வாழும் ஊர் பக்கெட்டோடு வரிசையில் நின்றது. தண்ணீர் சூடானால் போதும் என்றால் லிமாவும் பியூரா மாதிரி நனைந்திருக்க வேண்டும்.

கரிசல்காடு

எல்லாருக்கும் நன்றி. அண்ணன் மகளிடம் அந்தோஃபகாஸ்தா, சாண்டோஸ் இரண்டையும் காட்டினேன். ஆப்பிரிக்காவிலும் நமீப் பாலைவனத்துக்கு நேர் கிழக்கே மொசாம்பிக் பச்சையாக இருப்பதை அவளே தேடிப்பிடித்தாள்.

விடாக்கண்டன்

நமீபில் பெங்குவேலா குளிர் நீரோட்டம் இருக்கிறது என்பதையும் அவளிடம் சொல்லுங்கள். அதற்குத் தனி இழை திறக்கிறேன். டீச்சர் அங்கே வாங்க.